நாளைக்குப் பயணம், இன்றைக்குக் களைப்பு: மலையகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்து வந்த ஆசிரியர், ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ மாற்றலாகி வந்தவர், கலியாணமாகி லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்த மருமகள் என்று இலங்கை மலையகத்துக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் சில மாதங்களில் ஒரே இடத்தில்தான் கால் இடறும். இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முந்திய நாள் வழக்கமான வேலை நாளாக இருக்கும். மாலை ஐந்து மணிக்கு வீட்டுப்படி ஏறும்போது கால் கெஞ்சும். வெளியே மழை, இல்லாவிட்டால் மூடுபனி. கொடியில் போட்ட துணி போட்டபடி ஈரமாகத் தொங்கும். ஒரு சாமானை மறந்து டவுனுக்கு ஓடினால் திரும்பிவர பஸ் இருக்காது. இப்படி ராத்திரி பதினொரு மணிவரை அல்லாடி, மூன்றரைக்கு எழும்பி, வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறவர்தான் கொழும்புப் பாதையிலுள்ள கினிகத்தேனை வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறார்.

இதைத் தவிர்க்க ஆயத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை, அதன் நேரத்தை மாற்றினால் போதும். முந்திய நாள் மாலையில் களைத்துத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். வெயிலையோ கடையையோ இன்னொருவரையோ நம்பியிருக்கிற வேலை எதுவும் அந்த மாலைக்கு மிஞ்சக்கூடாது. கை தானாகச் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் அதற்கு வையுங்கள்.

கீழே ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்கு இறங்குகிற பயணத்தை மாதிரியாக வைத்திருக்கிறோம். நுவரெலியா, தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று எங்கிருந்து கிளம்பினாலும் நேரம் மாறுமே தவிர முறை மாறாது.

முதலில் துணி

இரண்டு நாளுக்கு முன்பே துணியைத் துவைத்துவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் நின்று பெய்யும். வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட் பக்கம் அந்த மாதங்களில் ஒரு சட்டை காய இரண்டு நாள், கனத்த ஜீன்ஸ் காய மூன்று நாள்கூட ஆகும். ஒக்டோபர், நவம்பரில் காலை வெயில் நன்றாக அடிக்கும், பகல் இரண்டு மணிக்கு இடியோடு மழை வந்துவிடும். அந்தப் பருவத்தில் காலை ஏழு மணிக்கே துணி கொடிக்குப் போய், பன்னிரண்டு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாது. அதனால் இஸ்தோப்பு (முன் விறாந்தை) கூரைக்குக் கீழே ஒரு கொடி கட்டிக்கொள்ளுங்கள்.

விறகடுப்பு உள்ள வீடுகளில் அடுப்புக்கு மேலே துணி காயப்போடுகிற வழக்கம் உண்டு. அது உடனே உதவும். ஆனால் புகை வாடை துணியில் ஏறி, பையைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் அடிக்கும். ஊர் போய்ச் சேர்ந்து கலியாண வீட்டுக்கு உடுத்துகிற சேலையை, சட்டையை அங்கே போடாதீர்கள். உள்ளாடை, காலுறை, துவாய் இவற்றுக்கு அடுப்புச் சூடு போதும்.

காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையால் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே குளிரில் எல்லாத் துணியும் கொஞ்சம் ஈரம்போலத்தான் தெரியும். இடுப்புப் பட்டியையும், கை மடிப்பையும், தையல் ஓரத்தையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கன்னத்துக்குச் சில்லென்று ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக் கொழும்பு வெக்கைக்குக் கொண்டுபோனால், சாயங்காலத்துக்குள் பை முழுக்கப் பூஞ்சண வாடை வந்துவிடும். நேரமே இல்லையென்றால் அந்த ஒரு துணியை மட்டும் உலர்ந்த துவாய்க்குள் சுருட்டி, இரண்டு முனையையும் பிடித்து இறுக முறுக்குங்கள். துவாய் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். பிறகு இஸ்திரிப்பெட்டியால் தையல் ஓரங்களை மட்டும் அழுத்தினால் போதும்.

சப்பாத்துக்கும் இதே கதைதான். நனைந்த சப்பாத்தை அடுப்புப் பக்கத்தில் வைத்தால் அடித்தோல் பசை விட்டுப் பிரியும். உள்தட்டை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணித்து, வாரிலிருந்து நாக்கை விலக்கி வையுங்கள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். மூன்று முறை மாற்றினால் ஓரிரவில் போட்டுக்கொள்ளக்கூடிய நிலைக்கு வந்துவிடும்.

வானம், மண், பாதை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சமவெளியில் மழை வந்தால் நனைவோம், தாமதிப்போம். இங்கே மழை வந்தால் மண் இறங்கும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து உயிர்கள் போயின, வீதிகள் அறுந்தன, மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. அந்தப் பாதை 1924இல் பதுளைவரை போய்ச் சேர்ந்த பாதை. மலையின் விளிம்பைச் செதுக்கி வைத்த தண்டவாளம் என்பதால் ஒரு இடத்தில் மண் விழுந்தாலும் கோச்சி நின்றுவிடும். ஆகவே ரயிலில் போகிறீர்களானால், உங்கள் வண்டி எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம்வரை ஓடுகிறது என்பதை முந்திய நாள் பகலிலேயே நிலையத்துக்குப் பேசியோ நேரில் போயோ கேட்டுவிடுங்கள். பழைய நேர அட்டவணையின் படத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை முதல் படி, 100 இரண்டாம் படி, 150 மூன்றாம் படி என்பது பொதுவான அளவு. மழைமானி இல்லாவிட்டாலும் பக்கம் நேரான ஒரு வாளியை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, அடியில் நின்ற தண்ணீரை அடிமட்டத்தால் அளந்து பார்க்கலாம். அது துல்லியமாக இராது, ஆனாலும் கண் திறக்கும்.

உங்கள் பிரதேசச் செயலாளர் பிரிவுக்குச் செம்மஞ்சளோ சிவப்போ வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பஸ் ஓடினாலும் தள்ளிப்போடுங்கள். பாதையில் நடப்பது ஒருபுறம் இருக்க, வயதானவர்களையும் பிள்ளைகளையும் லயத்தில் விட்டுவிட்டு அந்த ராத்திரியில் நீங்கள் வேறிடத்தில் இருக்கக்கூடாது. வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் புதிதாக வெடிப்பு, சுவரில் புதுக்கீறல், சாய்ந்த மரம், திடீரென்று ஊறுகிற அல்லது கலங்கி வருகிற ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் நிறத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. மூன்றையும் தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். போன் செத்துப்போன நேரத்தில்தான் இவை தேவைப்படும்.

பகலில், வேலையின் நடுவே

கடைக் காரியம் எதுவானாலும் முந்திய நாள் மாலைக்கு முன்பே முடியட்டும். டவுனுக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிவிடலாம், அல்லது மதிய இடைவேளையில் போய்வரலாம். வாங்க வேண்டியது அதிகமில்லை: தினமும் குடிக்கிற மாத்திரை, போனுக்கு ரீலோட், சின்னப் பொலித்தீன் பைகள் ஐந்தாறு, ஒரு எலுமிச்சை, இஞ்சி. கிளினிக் மருந்து எடுப்பவர்கள் போகிற நாளைவிட இரண்டு நாளுக்கு அதிகமாகக் கணக்குப் பண்ணி எடுங்கள். வழி அடைபட்டால் திரும்புவது தள்ளிப்போகும். கிளினிக் கொப்பியையும் கூடவே வையுங்கள்.

வங்கி இயந்திரத்தில் காசு எடுத்தால் ஐயாயிரம் ரூபாய்த் தாளாக வந்து நிற்கும். விடியற்காலை பஸ்ஸில் அதை நீட்டினால் கண்டக்டர் முகம் சுளிப்பார், மிச்சம் தருகிறேன் என்று டிக்கட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார், இறங்குகிற அவசரத்தில் நீங்கள் மறப்பீர்கள். பகலிலேயே கடையில் மாற்றி இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக ஓர் ஆயிரமாவது தனியாக வையுங்கள். தோட்டங்களில் பத்தாம் தேதி சம்பள நாள் என்பதால் அதற்கு அடுத்த சனி, ஞாயிறுகளில் டவுனிலும் பஸ்ஸிலும் கூட்டம் அதிகம், இயந்திரத்துக்கு முன்னால் வரிசையும் நீளம்.

தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள், அதாவது நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்கள், லீவை முந்திய நாள் பெரட்டிலேயே (காலையில் வேலை பிரிக்கக் கூடுகிற இடத்தில்) வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். மாலையில் வீடு தேடிப்போய்ச் சொல்வது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் ஒரு மேடு ஏறி இறங்குகிற வேலை.

முச்சக்கர வண்டியைப் பகலிலேயே பேசுங்கள். லயத்திலிருந்து பெரிய பாதைக்கு ஒன்றிரண்டு மைல் இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு நின்று கைகாட்டினால் வண்டி வராது. ஓட்டுநரிடம் நேரத்தை மட்டும் சொல்லாமல் எந்த பஸ் என்பதையும் சொல்லுங்கள்: "தம்பி, நாளைக்கு விடியக்காலையில நாலரை கொழும்பு பஸ்ஸப் பிடிக்கணும். மூனே முக்காலுக்கு கோயிலடிக்கு வந்துருவீங்களா? மூன்றரைக்கு நான் ஒரு மிஸ்ட் கோல் குடுக்கிறேன்." பஸ் எதுவென்று தெரிந்தால், மழையில் ரோட்டு நிலைமை பார்த்து அவரே பத்து நிமிஷம் முந்தி வருவார். இன்னொருவரின் இலக்கத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் ஆசனம் ஒதுக்கியிருந்தால், பதிவின்போது கொடுத்த அடையாள அட்டை எதுவோ அதுவே கையில் இருக்க வேண்டும். ஒதுக்கீடு 30 நாளுக்கு முன்பே திறக்கும். நீண்ட விடுமுறை வாரங்களில் சீக்கிரம் தீர்ந்தும் போகும். தீபாவளியை ஒட்டிய பயணமென்றால் போகிற பயணத்தைவிட வருகிற பயணத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். கொழும்பில் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இரண்டு நாளில் ஏறி வருவார்கள், கோட்டை ரயில் நிலையம், புறக்கோட்டை பஸ் நிலையம் இரண்டும் நிரம்பி வழியும். திரும்பும் டிக்கட் கையில் இல்லாமல் அந்த வாரத்தில் கீழே இறங்காதீர்கள்.

மாலை ஐந்திலிருந்து எட்டரைவரை

வீட்டுக்கு வந்ததும் உட்காராதீர்கள் என்று சொல்லமாட்டோம். உட்காருங்கள், ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அன்றைக்கு அதுவே கடைசித் தேத்தண்ணியாக இருக்கட்டும். ஆறு மணிக்கு மேல் குடிக்கிற சாயம், மலையகத்துக் கடுஞ்சாயம், பத்து மணிவரை கண்ணை மூடவிடாது. தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனாலும் இந்த ஒரு நாளைக்குக் கேளுங்கள்.

உட்காருமுன் போனையும் டோர்ச்சையும் சார்ஜில் போடுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது போடலாம் என்று வைத்தால் மழைக்குக் கரண்ட் போயிருக்கும். இடி மின்னல் தொடங்கினால் உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மலை முகட்டு லயங்களில் கம்பி வழியாக மின்னல் இறங்கி போன், டிவி எல்லாம் கருகுவது நடக்கிற சங்கதி.

அடுத்தது குளிப்பு. பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழுகிற தண்ணீர்) மாலையில் உறைகிறமாதிரி இருக்கும். ஒரு பானை சுடுதண்ணி வைத்து ஆறு மணிக்குள் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். தலைக்குக் குளிப்பதை அதற்கு முந்திய நாளே முடித்திருக்க வேண்டும். நீளமான கூந்தல் இங்கே ராத்திரிக்குள் காயாது. ஈரத் தலையோடு நான்கு மணிப் பனியில் நின்றால் பஸ்ஸில் தலைவலி நிச்சயம். சுடுதண்ணியில் பத்து நிமிஷம் காலை வைத்திருந்தால் நாள் முழுக்க மேடு ஏறிய கால் இளகும், தூக்கமும் வரும்.

பை கட்ட அரைமணிக்கு மேல் எடுக்கக்கூடாது. மூன்று நாளுக்கு இரண்டு மாற்று உடை, உடுத்தியிருப்பது ஒன்று. மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு மேலே பை வேண்டாம். தனியார் பஸ்களில் மேல்தட்டு ஒடுக்கம், பின்னால் போட்டால் மழைக்கு நனையும். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் இறங்க ஆறு பாகைக்குமேல் வெப்பம் கூடும் என்பதால், கொழும்பில் எட்டுப் பாகையளவு அதிகச் சூடு இருக்கும். அதனால் ஒரு தடித்த ஜம்பரைவிட ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடைகள் நல்லது. கித்துல்கலையில் ஒன்றைக் கழற்றலாம், அவிசாவளையில் இன்னொன்றை. கழற்றியதை வைக்கப் பையின் மேல்புறத்தில் இடம் விட்டு வையுங்கள். திரும்பி வரும்போது அதே வரிசையில் மேலே போடுவீர்கள். ஏறும்போது பெரும்பாலும் ராத்திரி, அதனால் ஜம்பர் அடியில் போய்விடக்கூடாது.

பைக்குள் எல்லாவற்றையும் முதலில் ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு வையுங்கள். மழை உறை போட்டாலும் தோள்ப்பக்கத் தையல் வழியாக ஈரம் உள்ளே போகும். அடையாள அட்டை, காசு, மருந்து, குடை, டோர்ச், பொலித்தீன் பை இவை பைக்குள் போகக்கூடாது, உடம்போடு இருக்கிற சின்னப் பையில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுப் பொதி

புதியவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மலையில் கெடாத சாப்பாடு கீழே கெட்டுவிடும். இங்கே ராத்திரி செய்த சம்பல் காலைவரை மேசையில் நன்றாகவே இருக்கும். அதே சம்பல் அவிசாவளை தாண்டுகிறபோது நூல் விட்டிருக்கும். குளிருக்குப் பழகிய கணக்கைக் கீழ்நாட்டு வெக்கைக்குக் கொண்டுபோகக் கூடாது.

வழிக்கு நல்லது ரொட்டியும் கட்டைச்சம்பலும். அரைக் கிலோ கோதுமை மாவு, அரைத் தேங்காயின் பூ, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு கப் அளவு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. ஆறு ஏழு ரொட்டி வரும், இரண்டு பேருக்குப் போதும். தேங்காய் மாவோடு கல்லில் வெந்துவிடுவதால் மதியம்வரை தாங்கும். பச்சைத் தேங்காயில் அரைக்கிற சம்பல் தாங்காது, அதை வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கட்டைச்சம்பலுக்குச் சின்ன வெங்காயம் நூறு கிராம், செத்தல் மிளகாய் எட்டுப் பத்து, மாசித் தூள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு. எல்லாவற்றையும் தண்ணீர் படாமல் இடியுங்கள். எலுமிச்சையை அப்போது பிழியாதீர்கள், முழுசாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது பிழியுங்கள். பிழிந்து வைத்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு ரொட்டியை நனைத்துவிடும்.

ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்ததும் அடுக்கிக் கட்டுகிறவர்கள்தான் அதிகம். சூட்டின் ஆவி உள்ளேயே தண்ணீராகி, மூன்று மணிநேரத்தில் ரொட்டி பிசுபிசுக்கும். சுளகில் தனித்தனியாகப் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். இங்குள்ள குளிரில் பதினைந்து நிமிஷம் போதும். பொதிக்கு வாழையிலை இருந்தால் வாட்டிக்கொள்ளுங்கள். நடு நரம்பைச் சீவி, இலையின் பின்புறத்தை நெருப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால், மங்கல் பச்சை பளபளவென்று கரும்பச்சையாக மாறுவது கண்ணுக்குத் தெரியும். மாறிய இடம் வெந்துவிட்டது, அடுத்த இடத்துக்கு நகருங்கள். ஒரே இடத்தில் நின்றால் கருகி வெடிக்கும். வாட்டிய இலை துணிபோல மடியும், கிழியாது.

கடலை, கௌபி அவித்துக் கொண்டுபோக நினைத்தால் ஒரு சங்கதி. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,868 மீட்டரில் உள்ள நுவரெலியாவில் கொதிக்கிற தண்ணீர் ஏறத்தாழ 94 பாகைதான். அதனால்தான் கீழே சீக்கிரம் வேகிற கடலை இங்கே பிடிவாதம் பிடிக்கிறது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஊறவைத்துவிடுங்கள், மாலையில் பிரஷர் குக்கரில் போடுங்கள்.

குமட்டல்

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு நான்கு மணிநேரத்துக்குமேல் ஆகும். அதில் கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைவரை உள்ள இறக்கம்தான் வயிற்றைப் புரட்டும். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு 'உடம்பு சுழல்கிறது' என்கிறது. முன்சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்கிற கண் 'அசையவில்லை' என்கிறது. இந்த இரண்டு செய்தியும் முட்டுவதால்தான் குமட்டல் வருகிறது. தூக்கம் குறைந்தவருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் முந்திய ராத்திரித் தூக்கத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், முன்னால் பாதை தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். கடைசி சீட்டு வேண்டாம், ஒவ்வொரு வளைவிலும் அதுதான் அதிகமாக வீசும். இருட்டில் தூரத்தைப் பார்க்க முடியாதபோது கண்ணை மூடித் தலையைச் சாய்த்து வையுங்கள். பயண மாத்திரை எடுப்பவர்கள் கிளம்புவதற்கு அரைமணி முதல் ஒரு மணி முன்பே விழுங்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு அது வயிற்றில் நிற்காது. தூக்கம் வரவைக்கும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர்கள் எடுக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டொக்டரிடமோ மருந்தாளரிடமோ கேளாமல் கொடுக்க வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு துண்டு இஞ்சியும், முகர எலுமிச்சையும் ஓரளவுக்கு உதவும்.

முந்திய ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள், எண்ணெய் குறைவாக. காலையில் வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு பிஸ்கட், அரைக் கோப்பை சுடுதண்ணி போதும். பஸ்ஸில் கழிப்பறை இல்லை என்று பயந்து தண்ணீரையே தொடாமல் இருப்பது, முக்கியமாகப் பெண்களிடம் இருக்கிற பழக்கம். தலைவலிக்கும் குமட்டலுக்கும் அதுவும் ஒரு காரணம். தேத்தண்ணிக்கு எங்கே நிறுத்துவீர்கள் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிட்டால் அதற்கேற்பக் குடிக்கலாம்.

வீட்டை விட்டுப் போவது

கோழி, மாடு, நாய் இருந்தால் பொறுப்பைப் பக்கத்துக் காம்பராவில் (லயத்தின் அடுத்த வீட்டில்) ஒப்படையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாமல், கையோடு காட்டிக் கொடுங்கள்: "அக்கா, தீனி இந்த டின்னுல இருக்கு. காலையில ஒரு சுண்டு, பொழுதுபட ஒரு சுண்டு. கூட்ட மட்டும் ஆறு மணிக்கு முந்தி சாத்திருங்க." சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் நாயை வெளியே கட்டிவைத்துவிட்டுப் போகக்கூடாது. கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை.

லயத்துக்குப் பின்னாலுள்ள கானை (மழைநீர் வடிகாலை) பார்க்க மறக்காதீர்கள். ஐந்து நிமிஷ வேலைதான். சவுக்கு இலையும் பொலித்தீனும் அடைத்திருந்தால், நீங்கள் இல்லாத ராத்திரியில் பெய்கிற மழை பின்கதவு வழியாக உங்கள் வீட்டுக்குள் மட்டுமல்ல, அடுத்த நான்கு காம்பராவுக்குள்ளும் போகும். வெளிச்சம் இருக்கும்போதே செய்யுங்கள். கையில் மண்வெட்டி, காலில் பூட்ஸ். அட்டை ஏறினால் பிடித்து இழுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். மெல்லிய வாய்ப்பக்கத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் ஒழுகும். சோப்புப் போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

அலுமாரிக்குள் ஈரத் துணி வைத்து மூடாதீர்கள். மூன்று நாள் பூட்டிய வீட்டில் மூடுபனி ஈரம் சேர்ந்து பக்கத்துச் சட்டையிலும் பூஞ்சணம் பிடிக்கும். மிச்சச் சோறு, குப்பை வீட்டுக்குள் இருக்கக்கூடாது, எலிக்கு அது அழைப்பு. விறகு பத்துக் கட்டையாவது உள்ளே எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். களைத்து நனைந்து திரும்புகிற ராத்திரியில் காய்ந்த விறகு இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத் தெரியும்.

எட்டரைக்குப் பிறகு

எட்டரை மணிக்கு எது முடியவில்லையோ அது முடியாமலேயே இருக்கட்டும். மறந்துபோன சீப்பை ஊரில் வாங்கலாம். நாளைக்கு உடுத்துவதை நாற்காலியில் போடுகிற வரிசையிலேயே அடுக்கி, சப்பாத்துக்குள் காலுறையை வைத்து, டோர்ச்சைத் தலைமாட்டில் வையுங்கள். இரண்டு அலாரம் வையுங்கள், ஒன்று படுக்கையிலிருந்து எழும்பிப் போனால்தான் எட்டுகிற இடத்தில். ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்றேகாலுக்கு எழும்ப ஆறு மணிநேரத் தூக்கம் இருக்கிறது. தூக்கம் வராவிட்டாலும் போனைத் திறக்காமல் இருட்டில் படுத்தே இருங்கள், அந்த ஓய்வும் கணக்குத்தான்.

காலையில் ஓட்டுநருக்கு மிஸ்ட் கோல், முகம் கழுவல், பிஸ்கட். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. பிளக்குகளைக் கழற்றுங்கள், பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள். சாவியைப் பக்கத்துக் காம்பராவில் கொடுப்பதாக இருந்தால் முந்திய மாலையே இன்னொரு சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். மூன்றே முக்காலுக்கு யாரையும் தட்டி எழுப்பாதீர்கள், அவர்களுக்கும் ஆறரைக்குப் பெரட்டு இருக்கிறது. படிக்கட்டில் இறங்கும்போது டோர்ச்சைக் காலுக்கு முன்னால் இரண்டடி தள்ளிப் பிடியுங்கள். பாசி படர்ந்த கருங்கல் வெளிச்சத்தில் கறுப்பாக மினுங்கும். மினுங்குகிற கல்லில் கால் வைக்காமல் ஓரத்து மண்ணில் வைத்து இறங்குங்கள்.